‘ஸ்டீரியோ’ அண்ணனின் வலது பெட்டி

சங்ககிரியில் பாட்டுக் கேட்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பாட்டைக் கூண்டில் ஏற்றி விசாரித்தவர் எங்கள் தெரு ‘ஸ்டீரியோ’ அண்ணன் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். ஓட்டியது போதும் என்று வீட்டோடு வந்ததும், ஆசை ஆசையாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினார். கூடத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் பாட்டு பல்லவியைத் தாண்டவில்லை, அண்ணன் முகம் கோணிவிட்டது.

“சோத்தாங்கைப் பக்கம் சத்தம் கம்மியா வருதே!”

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யார் போனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொல்லாமல் திரும்ப முடியாது. கேஸ்காரர் சிலிண்டரை இறக்குவதற்கு முன்பே உட்கார வைக்கப்பட்டார். வார்டு தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரையும் விடவில்லை.

“வலதா, இடதா? பயப்படாம சொல்லுங்க.”

வேட்பாளருக்கு வேர்த்துவிட்டது. “ரெண்டு பக்கமும் நம்ம ஆளுகதானுங்க!”

கேட்டவர்கள் அத்தனை பேரும் சத்தம் சமமாகத்தான் இருக்கிறது என்றார்கள். அண்ணன் என்னிடம் வருத்தப்பட்டார்: “பாருங்க தம்பி, இந்த ஊர்ல ஒருத்தனுக்குமே காது சரியில்ல.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தவழ்ந்தேன். வயர்களை இடம் மாற்றிச் சொருகினேன்.

“இப்பவும் வலதுதான் கம்மி.”

பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன். அப்போதும் வலதுதான். வலது பக்கம் நின்ற பீரோ சத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகம் வந்தது. இருவரும் மூச்சு வாங்க அதைச் சமையலறைக்குத் தள்ளினோம். பிறகும் வலதுதான். அண்ணன் சுவரைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். வீட்டை இடிக்கச் சொல்வாரோ என்று எனக்குக் கவலை.

அவர் மனைவி சரசக்கா காப்பியோடு வந்தார். பீரோவைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது.

“ஏனுங்க, ஊட்ல இருக்கிறதையெல்லாம் மாத்தி வெச்சுட்டீங்க. நீங்க சித்த திரும்பி உக்காருங்க பாக்கலாம்.”

அண்ணன் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

“இப்ப… அந்தப் பொட்டி கம்மியா இருக்குது.” சற்று முன்புவரை நன்றாகப் பாடிய இடது பெட்டியைக் கை காட்டினார். திரும்பி உட்கார்ந்ததால் அதுதான் இப்போது அவருடைய வலது பக்கம்.

“பொட்டி மாறுது. காது மாறலீங்களே” என்றார் சரசக்கா.

பாட்டு தன்பாட்டுக்கு ஓடியது. லாரியில் ஓட்டுநரின் வலது காது ஜன்னலோரம். காற்றும் ஹாரனும் அதில்தான் வந்து மோதும். அண்ணன் அந்தக் காதைத் தடவிக்கொண்டார்.

“உனக்கு எப்பத் தெரியும் சரசு?”

“நீங்க லாரிய உட்டு எறங்குனப்பவே. அதனாலதான் எப்பவும் உங்க இடது பக்கமா நின்னு பேசறேன்.”

கோபப்படுவார் என்று பயந்தேன். அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அப்ப ஊர்க்காரங்க காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது! பாவம், அந்த வேட்பாளர்கிட்ட ஒரு வார்த்த சொல்லோணும்!”

போன காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காது மிஷினைப் போட்டுப் பார்த்த அண்ணன், “இதுல பேஸ் பத்தலீங்க டாக்டர்” என்றாராம்.

இப்போதும் சாயங்காலங்களில் அங்கே பாட்டுக் கேட்கப் போகிறேன். எத்தனை இடம் காலியாக இருந்தாலும் நான் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருகிறேன். அதைக் கவனித்ததாக அவர் காட்டிக்கொள்வதில்லை. பாட்டு முடியும்போது மட்டும் என் கையை லேசாகத் தட்டுகிறார்.