தூதரகத்துக்கு நான் கேட்ட மதில்

அலவாங்கு என்கிற கடப்பாரை சுண்ணாம்புக்கல்லில் விழும் 'ணங்' என்ற ஓசை எங்கே கேட்டாலும் என் காது சிவந்துவிடும். நான் எழுதியவற்றுள் நடைமுறைக்கு வந்தது ஒரேயொரு மனு. அது என் வீட்டுக் குளியலறையையே இடித்தது.

எங்கள் பக்கத்துக் காணியில் ஒரு வெளிநாட்டுத் துணைத்தூதரகம் வரப்போவதாகச் சனசமூக நிலையத்தில் படம் ஒட்டினார்கள். கண்ணாடிச் சுவர், அலைபோலக் கூரை, தெருவரைக்கும் புல். மதில் இல்லை. வேலி இல்லை. யாழ்ப்பாணத்தில்! (கோழிக்கூட்டைச் சுற்றியும் வேலி அடைக்கிற சனம் நாங்கள்.)

"உது கட்டடம் இல்லை, கண்," என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் தம்பு அண்ணை. "கண்ணாடிக்குள்ளாலை எங்களைப் பாக்கப்போறாங்கள்."

"மதில் ஏன் அண்ணை இல்லை?"

"கட்டினால் எல்லை தெரிஞ்சிடுமெல்லோ! இண்டைக்குப் புல்லு, நாளைக்கு உன்ரை கிணறு."

போதாதா? எனக்குள் உரைநடைக் கவிதை ஊற்றெடுத்தது. 'புல் என்பது பச்சைச் சீருடையில் ஊர்ந்து வரும் படை' என்று, மதில் கேட்டு மனுவைத் தொடங்கினேன். வாசித்துக் காட்டியபோது தம்பு அண்ணையின் கண் கலங்கியது. (கண்புரை என்று பிறகு அறிந்தேன்.) தெருவே கையெழுத்து வைத்தது, என் மனைவி கமலாவைத் தவிர.

"இஞ்சருங்கோ, அவங்கள் மதில் கட்டாட்டி உங்களுக்கென்ன? உந்த விசர் வேலையை விடுங்கோ."

கமலாவுக்கு முழங்கால் நோ; குந்தி எழும்ப முடியாது. அவளுக்காகத்தான் முந்தின வருடம் அந்த எல்லையோரமாகக் கொமட் வைத்த குளியலறை கட்டியிருந்தோம்.

துணைத்தூதரகத்திடமிருந்து பதில் வந்தது: மக்களின் விருப்பப்படி மதில் கட்டப்படும். நான் தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். மதில் கட்டுவதென்றால் முதலில் காணியை அளப்பார்கள் என்பது மட்டும் என் கற்பனைக்கு எட்டவில்லை.

நில அளவையாளர் வந்தார். என் வெற்றியைப் பார்க்க ஊரும் வந்தது. அவர் நாடாவை இழுத்தார், வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எல்லைக்கல் நட அலவாங்குக்காரரை எங்கள் வளவுக்குள் அனுப்பினார். எல்லை விழுந்த இடம், குளியலறைக் கதவுக்கும் கொமட்டுக்கும் நடுவில். கதவு எங்கள் பக்கம், கொமட் அவர்கள் பக்கம்.

"பிழையாய் அளந்திட்டியள்!" என்று கத்தினேன். கத்தும்போதே ஞாபகம் வந்தது. அந்தக் காணியின் பழைய சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும், வேலிக்கம்பான கதியாலைப் பிடித்து நிற்கும் என்னிடம் அப்பா, "கொஞ்சம் அங்காலை போடு மோனை," என்பார். போட்டேன். வருடாவருடம் போட்டேன். வேலியை அரக்கி அரக்கி நகர்த்தியது எந்த நாடும் இல்லை, நான்.

"உன்ரை கவிதையிலை எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்," என்று சொல்லிவிட்டுத் தம்பு அண்ணை நழுவினார். கமலா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவள் அறையோடு சேர்த்து இன்னொன்று கட்டிக் கொடுத்தேன். ஆனாலும் கனடாவிலிருந்து அவளுடைய தம்பி அழைப்பு எடுக்கும்போதெல்லாம், "அத்தான், கக்கூசுக்குப் போக விசா கிடைச்சிட்டுதோ?" என்றுதான் கதை தொடங்கும். கமலா தொலைபேசியை ஒலிபெருக்கியில் வேறு போட்டுவிடுவாள்.

மதில் வேலை தொடங்கிய அன்று, கட்டடத்தை வடிவமைத்த மானிப்பாய்ப் பெண் கமலாவிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு வாகனத்தில் ஏறினார். எனக்கோ சந்தேகம் இன்னும் விடவில்லை. வாகன யன்னலடிக்கு ஓடினேன்.

"பிள்ளை, ஒளிக்காமல் சொல்லும். உள்ளுக்கை உண்மையா என்னதான் வைக்கப்போறியள்?"

"இப்போதைக்கு உங்கடை கொமட் மட்டும்தான், அங்கிள். போயிட்டு வாறன்."