பன்னிரண்டாவது ஸ்க்ரூ

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ஒரு சபதம் எடுத்தார். மத்தியானத்துக்குள் டிவியில் படம் வரவைப்பாராம்.

அது யாரோ பார்த்துச் சலித்த டிவி. ஆபீஸ் நண்பர் வீடு மாறும்போது இவர் தலையில் கட்டியது. சத்தம் கணீரென்று வரும், படம் வராது. மூன்று வாரமாக எங்கள் கூடத்தில் சுவரகலத்துக்கு ஒரு ரேடியோ.

"உள்ள இருக்கற லைட்டுதான் போயிருக்கு. வீடியோவுல பார்த்துட்டேன். சின்ன வேலை."

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமே."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. வீட்டுல தவழற குழந்தையும் இருக்கே."

"வாண்டை நான் பார்த்துக்கிறேன். நீ போய்த் துணி காயப்போடு. எதுக்கெடுத்தாலும் பயப்படாதே!"

அந்த 'எதுக்கெடுத்தாலும்' இருக்கிறதே, கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொதிக்கிற பாலைத் தள்ளி வையுங்கள் என்றால் எதுக்கெடுத்தாலும். பால்கனிக் கதவைச் சாத்துங்கள் என்றால் எதுக்கெடுத்தாலும். பத்து மாதக் குழந்தைக்கு உலகமே தின்பண்டம் என்று இந்த மனுஷருக்கு யார் சொல்வது?

கடைசித் துணிக்குக் கிளிப் மாட்டிவிட்டு வந்தேன். போர்வைமேல் டிவி குப்புறக் கிடந்தது. முதுகு மூடியைக் கழற்றியாயிற்று. இவர் காதில் ஹெட்போன், கண் போனில். கழற்றிய ஸ்க்ரூவெல்லாம் தரையில் ஒரு தட்டில். தட்டுக்குப் பக்கத்தில் வாண்டு. அவனுக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

விரலை விட்டுத் தோண்டினேன். எச்சிலில் மினுங்கிக்கொண்டு ஒரு ஸ்க்ரூ வந்தது.

இவர் திரும்பக்கூட இல்லை.

கத்தியிருப்பேன். கத்தினால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். கோபத்தைப் பல்லுக்குள் வைத்துக்கொள்ள கான்வென்ட்டில் எனக்குப் பத்து வருஷம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஹெட்போனை உருவினேன்.

"எத்தனை ஸ்க்ரூ கழட்டினீங்க?"

"பன்னெண்டு. ஏன்?"

"எண்ணுங்களேன்."

எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். அப்போதும் பதினொன்றுதான். போர்வையை உதறினார். சட்டைப்பையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக வாண்டைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இவன்... இங்கதானே இருந்தான்?"

"உங்க பொறுப்புலதான் இருந்தான்."

வாயைத் திறந்து பார்க்கப் போனார். வாண்டு விரலைக் கடித்துவிட்டுக் கெக்கலித்தான்.

"ஐயோ, முழுங்கிட்டாண்டி! கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

"எதுக்கெடுத்தாலும் பயப்படாதீங்க."

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு தாயா?"

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இனிமே நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டா என் கையை ஒடி! அந்தச் சனியன் மெக்கானிக்கிட்டயே போகட்டும்!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க இருந்துச்சு?"

"அவன் வாயில."

"எப்போ?"

"நீங்க பார்த்துக்கிட்டிருந்தப்போ."

காலிலிருந்த என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

மத்தியானம் மெக்கானிக் வந்து டிவியை மூடித் தூக்கிக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இவர் சாப்பிட வரவில்லை. டார்ச்சும் கையுமாக வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மிதியடிக்குக் கீழே. வாண்டும் அப்பாவுக்குத் துணையாகத் தவழ்ந்தான்.

சாயங்காலம் ஒரு கிண்ணத்தை என் முன்னால் ணங்கென்று வைத்தார். நாலு ஹேர்பின், என் நைட்டிப் பட்டன் ரெண்டு, எப்போதோ தொலைந்த என் தோட்டுத் திருகு.

"இத்தனையும் தரையில போட்டு வெச்சுட்டு, எப்படிம்மா உனக்கு ராத்திரி தூக்கம் வருது?"