சிக்காகோவில் என் உயிருக்கு ஆபத்து

எனக்கு முன்னால் ஒருவர் பேனாவுடன் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்டால் போதும், என் உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இது என் வியாதி. இருபத்திரண்டு வயதில், பாரிஸ் வந்த ஐந்தாம் மாதம், அகதி விசாரணையில் பிடித்தது. இன்றுவரை விடவில்லை. பல் வைத்தியர் "ஏன் இத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டபோதுகூட நான் திகதிவாரியாகப் பதில் சொன்னவன். (அவர் ஊசி போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.)

இந்த வியாதியோடு போய் என் மனைவியின் அமெரிக்க வேலையைக் கெடுக்கப் பார்த்த கதையை நானே எழுதிவிடுகிறேன். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் முடி வெட்டப் போனால் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் என் கதையை எனக்கே சொல்கிறார். அதுவும் பிழையாகச் சொல்கிறார். ஒரு மனிதன் எவ்வளவைத்தான் பொறுப்பான்?

ஜெயந்தி, அதாவது என் மனைவி, குறுவாசோன் என்ற வெண்ணெய்ப் பணியாரத்தை உறைய வைத்து விற்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை செய்தவள். தரை கழுவப் போனாள். பிறகு மா பிசையும் பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு முழு வரிசைக்கே பொறுப்பாக்கினார்கள். வெண்ணெய் இளகிவிட்டதா இல்லையா என்று மெசின் காட்டுவதற்கு முன்பே புறங்கையை வைத்துச் சொல்லுவாள். அந்த நிறுவனம் அமெரிக்காவில் ஹூஸ்டனிலும் சிக்காகோவிலும் ஒவ்வொரு தொழிற்சாலை திறந்தது. அங்கே ஆட்களைப் பழக்க மூன்று வருடம் போக வேண்டும், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம், எந்த ஊர் என்று நீங்களே தெரிவு செய்யுங்கள் என்றார்கள்.

இதை ஜெயந்தி பாரிஸ் புறநகரான ஸ்தேனில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு எனக்குச் சொன்னாள். சொன்னாளே தவிர, என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் நாடு மாறுவது என்ற பாடத்தில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. கொழும்பிலிருந்து பாரிஸ் வந்து சேர எனக்குப் பதினான்கு மாதம் எடுத்தது. மொஸ்கோவில் ஒரு அறையில் பத்தொன்பது பேர் இருந்தோம். முறை வைத்துப் படுத்தோம். ஒரு எல்லையை லொறியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கடந்தேன். இன்னொன்றைப் பனியில் நடந்து கடந்தேன். அதில் இரண்டு கால்விரல் போயிற்று. ஜெயந்தி விமானத்தில் ஜன்னலோரம் இருந்து, சோறு சாப்பிட்டு, படம் பார்த்துக்கொண்டு வந்தவள். இப்படிப்பட்டவள், ஊர் தெரிவு செய்யும்போது என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் அது எந்த நியாயம்?

அவள் கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவளுடைய அண்ணன் ரவி சிக்காகோவில் இருக்கிறார். பெரிய வீடு. வீட்டுக்குக் கீழே நிலவறையில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது என்று பல தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான்: "இப்ப என்ன வேலை?"

அந்த 'இப்ப'வைக் கவனியுங்கள். நான் பாரிஸில் பதினொரு வேலை பார்த்திருக்கிறேன். கோப்பை கழுவினேன், பெயின்ட் அடித்தேன், மெத்ரோ வாசலில் பூ விற்றேன். இப்போது லா சப்பல் கடைகளுக்கு வான் வண்டியில் மரக்கறி இறக்குகிறேன். ஓரிடத்தில் நிற்க முடியாத கால் எனக்கு. அதற்காக ஒருவர் தன் வீட்டு நிலவறையில் என்னைக் குடிவைத்து, மாடிப்படியில் இறங்கி வந்து, தினமும் "இப்ப என்ன வேலை?" என்று கேட்பதா?

ஆகவே நான் ஹூஸ்டன் என்று முடிவெடுத்தேன். ஹூஸ்டனைப் பற்றி எனக்கு இரண்டு விசயம் தெரியும். அங்கே வெயில் எறிக்கும். அங்கே ரவி மச்சான் இல்லை. பனியில் விரல் இழந்தவனுக்கு இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

இந்த நேரம் பார்த்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாடு போகும் குடும்பங்களைக் குடியமர்த்த உதவும் ஒரு நிலையத்தை ஜெயந்தியின் நிறுவனம் அமர்த்தியிருந்தது. முழுக் குடும்பமும் வர வேண்டும்; கடவுச்சீட்டு, விவாகப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கொண்டுவர வேண்டும்; ஒன்றரை மணித்தியாலம் பேசுவோம் என்று இருந்தது. ஜெயந்தி, சும்மா கதைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்றாள். ஒன்றரை மணித்தியாலம் சும்மா கதைக்க எந்த வெள்ளைக்காரன் பிறப்புச் சான்றிதழ் கேட்பான்? ஜன்னலோரம் வந்தவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது!

அடுத்த நாளே ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் யோகம் அண்ணையிடம் போனேன். இப்போது கலியாணக் காட் அடிக்கிறார். அந்தக் காலத்தில் அகதி விண்ணப்பத்துக்கான வரலாறு எழுதிக் கொடுத்தவர். அதை எங்கள் ஆட்கள் 'கேஸ்' என்பார்கள். என் கேசையும் அவர்தான் எழுதினார். நடந்தது எல்லாம் உண்மை. ஆனால் உண்மையை நான் சொன்னால் ஒருவரும் நம்பாதபடி இருக்கும், அவர் எழுதினால் நானே அழுதுவிடுவேன்.

விசயத்தைக் கேட்டுவிட்டு யோகம் அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சிக்காகோவிலை உனக்கு என்ன பிரச்சினை?"

"மச்சான்."

"மச்சான் எல்லாருக்கும் இருக்கு தம்பி. கேசுக்குக் காணாது. மிரட்டினவரோ?"

யோசித்துப் பார்த்தேன். நான் ஏழாவது வேலையை விட்ட வருடம், உன்ரை மனுசன் இஞ்சை வந்தால் காலை அடிச்சு முறிப்பன் என்று ரவி மச்சான் ஜெயந்தியிடம் போனில் சொன்னது நினைவு வந்தது. சொன்னேன். யோகம் அண்ணையின் முகம் கோயில் விளக்குப் போல் ஆகிவிட்டது.

"ஆள் இருக்கு. வார்த்தை இருக்கு. சாட்சி வீட்டுக்குள்ளையே இருக்கு. அந்த நாளையிலை எனக்கு இப்பிடி ஒரு கேஸ் கிடைக்கேல்லையே."

யாரோ ஒரு மணமகன் மணமகளின் பெயர் அச்சடித்த தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே புத்தி சொன்னார். சிரிக்கக் கூடாது. ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் ஒரே பதில். தருவதை வாங்கிக் குடிக்கக் கூடாது. கடைசியாக ஒன்றைச் சொன்னார். அது இப்போதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

"ஹூஸ்டன் எனக்கு விருப்பம் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. விருப்பம் எண்டு சொல்லி உலகத்திலை ஒருத்தனுக்கும் விசா கிடைச்சதில்லை."

வான் ஓட்டிக்கொண்டே பாடமாக்கினேன். பதினாறு வயது மகள் லக்சிகாவுக்கும் பழக்கினேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். நல்ல புத்தியுள்ள பிள்ளை என்று நினைத்தேன். (வேடிக்கை பார்க்கத் தயாராகியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.) ஜெயந்திக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிக் கேசைக் கெடுக்கிற ரகம் அவள்.

அந்த அலுவலகத்தில் மேசையே இல்லை. சோபா, பூச்செடி, ஒரு தட்டில் பிஸ்கட். புதுத் தந்திரம் என்று புரிந்துகொண்டேன். ஐம்பது வயது மதாம் ஒருவர், கழுத்தில் பட்டுச் சால்வை, மடியில் கொப்பி, கையில் பேனா. கோப்பி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். தண்ணீர்? அதுவும் வேண்டாம். ஜெயந்தி என்னைப் பார்த்தாள்.

வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று மதாம் சிரித்துக்கொண்டு கேட்டார். "சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எழும்பினேன்" என்று தொடங்கி, ஞாயிறு இரவு வரை விட்டுப் போகாமல் சொன்னேன். அவர் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டினார்.

"ஒரு புது ஊரில் உங்களுக்கு எது முக்கியம்?"

"பாதுகாப்பு."

"பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், அமைதியான தெரு..."

"இல்லை மதாம். என்னைச் சிக்காகோவுக்கு அனுப்பினால் என் உயிருக்கு ஆபத்து."

பேனா நின்றது. ஜெயந்தியின் வாயில் பிஸ்கட் நின்றது. யாரால் என்று மதாம் மெதுவாகக் கேட்டார். மனைவியின் அண்ணனால் என்றேன். மிரட்டினாரா? காலை முறிப்பதாக மிரட்டினார். வருடம் இது, மாதம் இது, போன் எடுத்த நேரம் இது. பொலிஸிடம் போக முடியாதா? அங்கேயுள்ள பொலிஸ் என்னைப் பாதுகாக்காது. எல்லாம் யோகம் அண்ணையின் வரிகள். ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

அப்போது மதாம், சிக்காகோ பெரிய நகரமாயிற்றே, அங்கேயே வேறொரு பகுதியில் இருக்க முடியாதா என்றார்.

 இதே கேள்வி! அகதி விசாரணையில், கொழும்பில் போய் இருந்திருக்கலாமே என்று கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. பதிலை இருபத்தைந்து வருடம் பிந்தித் தயாரித்து வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் திரிந்தேன். இப்போது அந்த அம்மா கேட்டுவிட்டார். எழுந்து நின்று சொன்னேன்: "எங்கே ஒளிந்தாலும் கண்டுபிடிப்பார்கள். அவர்களுக்கு எல்லா இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள். கூட்டிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை." (ரவி மச்சான் ஒரு பெற்றோல் நிலையத்தில் முகாமையாளர்.)

லக்சிகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து மதாம் அவளுக்குக் கடதாசிக் கைக்குட்டை கொடுத்து முதுகைத் தடவினார். பிறகு தாயையும் மகளையும் மட்டும் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

தனித்தனியாக விசாரிப்பது நடைமுறைதான். வென்றுவிட்டேன் என்று நினைத்து ஆறு பிஸ்கட் சாப்பிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில், சென் தெனி நிலையம் வரும்வரை ஜெயந்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் எடுக்க வேண்டிய தொலைபேசி இலக்கம். நான் அடிப்பதால்தான் அண்ணன் மிரட்டினார் என்று நினைத்து, இதைச் சப்பாத்துக்குள் ஒளித்து வைக்கலாம் என்று மதாம் சொல்லிக் கொடுத்தாராம்.

"நான் வந்த நாளிலையிருந்து எல்லாரும் எனக்கு எங்கை போறது எண்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கினம்" என்றாள். குரல் உயரவில்லை. "இண்டைக்குத்தான் முதல்தரம் ஒரு மனுசி, உனக்கு என்ன விருப்பம் எண்டு கேக்க இருந்தவ. அதை நீங்கள் கேஸ் ஆக்கிப்போட்டியள்."

எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "உமக்கு அண்ணரிட்டைப் போகவேணும். அதை நேரை சொல்லும்" என்றேன்.

"நான் ஹூஸ்டன் எண்டு எழுதிக் குடுத்து மூண்டு கிழமை. இண்டைக்கு வீடும் பள்ளிக்கூடமும் கதைக்கத்தான் கூப்பிட்டவை."

ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணர் உங்களைப் பற்றிச் சொல்லுறதை இப்ப கிழமையிலை ஒரு நாள் கேக்கிறன். அங்கை போனால் ஏழு நாளும் நான்தான் கேக்கவேணும்" என்றாள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

அதற்கு என்னிடம் திகதியும் இல்லை, சாட்சியும் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதாமின் அறிக்கை நிறுவனத்துக்குப் போனது. பயணம் நான்கு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜெயந்தி இயக்குநருக்கு முன்னால் போய் நின்று, என் புருசன் அதை அகதி விசாரணை என்று நினைத்துவிட்டார் என்று விளக்க வேண்டியிருந்தது. பதினாறு வருடம் சேர்த்த மரியாதையை வைத்துக்கொண்டு அவள் அந்த அறைக்குள் போனாள். அவர் சிரித்ததாகச் சொன்னாள். தான் சிரித்ததாகச் சொல்லவில்லை. வேலை தப்பியது. ஆனால் முதலில் அவள் தனியே போகட்டும், குடும்பம் பிறகு வரட்டும் என்று நிலையம் எழுதிவிட்டது. லக்சிகாவின் பள்ளிக்கூட இறுதிச் சோதனை முடியும்வரை நான் ஸ்தேனில் சமைத்துக்கொண்டு இருக்கிறேன். யோகம் அண்ணை மட்டும் தளரவில்லை. "றிஜெக்ட் எண்டால் என்ன, அப்பீல் இருக்கு" என்று தாளைத் தேடினார். ரவி மச்சானுக்கும் எப்படியோ செய்தி போய்ச் சேர்ந்தது. இப்போதெல்லாம் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. "கொலைகாரன் கதைக்கிறன்" என்று தொடங்குகிறார்.

இதெல்லாம் குடும்பத்துக்குள் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெயந்தி ஹூஸ்டனில் தன் வரிசையில் வேலை செய்யும் மெக்சிக்கோப் பெண்களுக்கும் கதையைச் சொல்லிவிட்டாள். போன கிழமை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். தலையில் வலைத்தொப்பி, கையில் மா. ஞாயிற்றுக்கிழமை யார் வேலைக்கு வருவீர்கள் என்று அவள் கேட்க, எட்டுப் பேரும் நெஞ்சில் கை வைத்துத் தமிழில், நல்ல யாழ்ப்பாணத் தமிழில், "அக்கா, என்ரை உயிருக்கு ஆபத்து" என்கிறார்கள்.

நான் இன்னும் அமெரிக்காவில் கால் வைக்கவில்லை. என் வாக்குமூலம் அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டது.