கெர்ட்ரூட் அக்காளின் வலது முழங்காலும் இரண்டு கார்களும்

பிரிக்பீல்ட்ஸ்,
ஜூலை 3.

மதிப்புக்குரிய மச்சான் கெல்வினுக்கு,

உங்கள் அக்காள் பிரெண்டாவின் கணவன் கிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கு நாங்கள் மூவரும் சுகம். கிள்ளானில் நீங்களும் ஜெரால்டினும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கார் சீட்டைப் பற்றி நான் பதினேழு குரல் செய்திகள் அனுப்பினேன் என்பதற்காக, அட்மினாகிய உங்கள் அக்காள் என்னை அங்கே எதுவும் பதிய முடியாதபடி பூட்டிவிட்டாள். தபால் நிலையத்தை அவளால் பூட்ட முடியாது.

விஷயம் எங்களோடு இருக்கும் உங்கள் பெரிய அக்காள் கெர்ட்ரூட்டைப் பற்றியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய வலது முழங்கால் ஓர் அளவுக்கு மேல் மடங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து நடந்தால் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் தன் கையால் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவர் நேர்ந்துகொண்டதும் தெரியும். நடக்கிறார். ஆனால் நம் பழைய காரின் பின் சீட்டில் உட்கார்ந்து அவ்வளவு தூரம் போக முடியவில்லை. போன வருடம் பக்கத்தில் இருக்கும் ரவாங் ஊரைத் தாண்டுவதற்குள் வலி தாங்காமல் கண் கலங்கினார், வண்டியைத் திருப்பினோம். ரயிலில் போகலாமே என்பீர்கள். இம்மாதக் கடைசியில் வரும் அன்னம்மாள் திருவிழா நாளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ரயில் பெட்டிகளுக்கு முப்பத்தொரு வருடம் சீட்டு தைத்தவன் நான் என்று கவுண்டரில் சொல்லியும் பார்த்தேன், அந்தப் பெண் "அடுத்து" என்றாள். இந்த வருடமும் போகாவிட்டால் அக்காள் மனம் உடைந்துவிடுவார். அதனால்தான் புது கார் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் திருவிழாவுக்கு முன் வண்டி வந்துவிடுமாம்.

சீட்டு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை அல்லவா, எனவே முறையாக ஆரம்பித்தேன். அக்காளை சோபாவில் உட்கார வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால் முனை வரை டேப்பால் அளந்து, அதே நீளத்துக்கு ஒரு பலகையை அறுத்து எடுத்துக்கொண்டு பூச்சோங்கில் உள்ள ஷோரூமுக்குப் போனேன். பிரவின் என்ற விற்பனைப் பையன் பலகையைப் பார்த்து, "அங்கிள், இது என்ன லா?" என்றான். "என் மச்சினிச்சி" என்றேன். பாவம், ஒரு நாற்காலி கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் போட்டான். பலகை செடானிலும் சௌகரியமாக உட்கார்ந்தது, ஹேட்ச்பேக்கிலும் சௌகரியமாக உட்கார்ந்தது. வெற்றி என்று வீட்டுக்கு வந்து சொன்னால், உங்கள் அக்காள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் அளந்தது இடது கால். நன்றாக மடங்கும் கால்; நீட்டி வைக்க வேண்டிய வலது காலை அளக்கவே இல்லை.

மறுநாள் பலகையை விட்டுவிட்டு அக்காளையே அழைத்துப் போனோம். முதலில் செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக வால் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது. பின் சீட் தலையணை போல இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் தாழ்வு. கூரையோ பின்பக்கம் சரிந்து வருவதால் அக்காளின் கொண்டை இடித்துக் கலைந்தது. உள்ளே போனபின் காலைக் குறுக்கே நீட்டினார், சுகமாக இருந்தது, ஆனால் இன்னொருவர் உட்கார இடமில்லை. வெளியே வருவதற்குப் பிரவின் ஒரு கையையும் பிரெண்டா ஒரு கையையும் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. டிக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது; தீர்த்தம் பிடிக்கும் பத்து பாட்டில்களும் ரைஸ் குக்கரும் போட்ட பிறகும் இடம் மிச்சம்.

அடுத்தது ஹேட்ச்பேக், வால் இல்லாதது. கதவு உயரம், சீட்டும் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. அக்காள் குனியாமல் அப்படியே உட்கார்ந்தார், கொண்டைக்கு மேல் ஒரு சாண் மிச்சம். "இதுதாண்டி வண்டி!" என்றார். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, மச்சான். ஆனால் காலை நீட்டினால் பாதம் முன் சீட்டின் முதுகில் முட்டுகிறது. அதற்குள் பிரெண்டா டிக்கியைத் திறந்து ஒரு பொட்டலத்தை வைத்தாள். கருவாடு. திருவிழாவிலிருந்து திரும்பும்போது எப்படியும் வாங்கத்தானே போகிறோம், இப்போதே சோதித்துவிடலாம் என்று வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாள். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் நாமும் ஒரே அறையில் இருக்கிறோம் என்பது இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிரவின் நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, "அங்கிள், ஆன்டிய முன்னாடி..." என்று ஏதோ ஆரம்பித்தான். "மூத்தவங்க பின்னாடிதான் உட்காருவாங்க தம்பி, அதான் மரியாத" என்று அங்கேயே நிறுத்தினேன். முன் சீட் பிரெண்டாவுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே உட்கார்ந்து வழி சொல்லாமல் நான் கியர் போட்டதில்லை.

ஆக, ஏறி இறங்க ஹேட்ச்பேக், கால் நீட்ட செடான், கருவாட்டுக்கும் செடான், கொண்டைக்கு ஹேட்ச்பேக். எனக்குத் தூக்கம் போய்விட்டது. லோரி ஓட்டுபவர் நீங்கள், வண்டிகளின் குணம் அறிந்தவர். எது என்று ஒரே வார்த்தையில் எழுதுங்கள். உங்கள் வார்த்தைப்படியே கையெழுத்துப் போடுகிறேன். எப்படியாவது இந்த வருடம் அக்காளை அழைத்துப் போய்விடலாம் என்ற நம்பிக்கை எனக்குத் திடமாக இருக்கிறது.

ஜெரால்டினுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டையும் உங்கள் லோரியின் டயர்களையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
கிளாரன்ஸ்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் இங்குள்ள கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் பழைய காரில் புறப்பட்டோம், நல்ல மழை. நனையாமல் இருக்க பிரெண்டா கைக்குக் கிடைத்த பின் கதவைத் திறந்து பாய்ந்துவிட்டாள். அக்காள் குடைக்கடியில் நிற்கிறார். மரியாதை பார்க்க நேரமில்லை, முன் சீட்டில் உட்கார வைத்தேன். பிரெண்டா குட்டை என்பதால் அந்த சீட்டை இருபது வருடமாக யாரும் நகர்த்தியதில்லை. அடியில் இருந்த பிடியை ஓங்கி ஓர் இழு இழுத்தேன். சீட் கடகடவென்று பின்னால் போய் நின்றது. அக்காள் காலை நீட்டினார். முழுக் காலும் போனது.

பாதத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு அக்காள், "தங்கச்சி சீட்டாச்சே, எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன் தம்பி" என்றார். பின்னாலிருந்து பிரெண்டா, "எனக்கு பின் சீட்டுல படுத்துக்கிட்டு போவணும்னு எத்தன வருஷத்து ஆச தெரியுமா? அக்கா எடத்த எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்!" என்றாள். முப்பத்தொரு வருட சீட்டு நிபுணனாகிய நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது கார் வேண்டாம் என்று பிரவினிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு முகமில்லை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியும் அக்காள் இறங்கவில்லை. "நவநாளுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இன்னொரு ரவுண்டு போவோமே" என்றார். செந்தூல் வரைக்கும் போய் வந்தோம்.