எலும்பம்மாவின் கரடி

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிஞ்சுது. இப்போ மறதி வேற. முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கணும். ஆனா ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்வேன். இந்த உத்திரமேரூரிலேயே கறிக்கடையில் நின்னுக்கினு கறியை விட்டுட்டு எலும்பைப் பார்த்து வாய் பிளந்த ஒரே பிறவி, எங்க எதிர்வூட்டு மாடியில் குடியிருந்த எலும்பம்மாதான்.

பெத்தவங்க வெச்ச பேரு வேற. பிள்ளைங்க டிவியில் பார்க்கிற கார்ட்டூன் படத்துக்குக் கம்ப்யூட்டரில் பொம்மைகளை நடக்க வைக்கிறதுதான் அவள் வேலை. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், முட்டியைத்தான் பார்ப்பாள்.

முதல் நாள் கறிக்கடை பாயிடம் போனாள். "பின்னங்காலை வெட்டாதீங்க பாய். அப்டியே முழுசா குடுங்க."

"இன்னா கொயந்தே, கொயம்பு வெக்கவா, கொட்டாய்க்குக் கால் நடவா?"

அவள் அங்கேயே அந்த ஆட்டுக்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "பாய்! பின்பக்கமா மடங்குதே, இது முட்டி இல்ல, குதிங்காலு! முட்டி மேல வயித்தோரமா கீது. ஆடு பொறந்ததுலேர்ந்து நுனிக்கால்லயே நடக்குது!"

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ இத்தினி வருசமா நான் குதிங்காலையா முட்டின்னு வித்துக்கினு கீறேன்?"

அடுத்த கூத்து, பிளாஸ்டிக் எலும்புக்கூடு. முழு ஆள் உயரம். அதை ஜன்னலோரம் தொங்கவிட்டாள். தெருவில் ஒரே பேச்சு: மாடியில் எலும்புக் கட்டு போடற அம்மா வந்துகீது! மாகறலிலிருந்து ஒரு விவசாயி, தோள் பிசகி, பெண்சாதியோடு வந்துவிட்டார். பெரிய மனுசர் வலியோடு கையைத் தூக்கினதும் இவளுக்கு உலகமே மறந்துபோச்சு.

"அண்ணே, இன்னொரு தபா தூக்குங்க! முதுகுல அந்தப் பட்டை எலும்பு எப்டி சறுக்கிக்கினு போவுது!"

"அய்யோ, உயிர் போவுது தாயே!"

"அந்த மூஞ்சியை அப்டியே வெச்சிக்கோங்க, வரைஞ்சிக்கிறேன்!"

அப்புறம்தான் விஷயம் புரிந்து, பதறிப்போய், அவளே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கை சரியானதும் அந்த மனுசர் ஒரு வாழைத்தார் கொண்டுவந்தார். "கட்டு போடலன்னாலும், என் தோளை இவ்ளோ ஆசையா யாரும் பாத்தது இல்ல" என்றார்.

இப்படிச் சிரிப்பா போய்க்கினு இருந்தப்போதான் கரடி வந்தது. அவள் செய்யற கார்ட்டூன் கதையில் ஒரு ஆயா கரடி, இடுப்பில் குடம் எடுத்து வரணும். அவள் வரைந்து அனுப்பினதை ஆபீஸ் பெரியவர் திருப்பி அனுப்பிட்டார். கரடி குடம் தூக்கலையாம், பலூன் தூக்குதாம். திங்கக்கிழமைக்குள் சரியா வரலைன்னா அந்த வேலை வேற ஆளுக்கு. அவளுக்குச் சோறு போட்டது அந்த ஒரு வேலைதான்.

நேரா என்கிட்டே வந்தாள். "ஆயா, நீ குடம் தூக்கிக்கினு நடந்து காட்டு. போன்ல புடிச்சிக்கிறேன்."

என் கல்யாண போட்டோவிலேயே தூணுக்குப் பின்னால் நின்னவள் நான். "வாணாம்மா, பேஜார் பண்ணாதே" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் வழியா பார்த்தேன். அவளே குழாயடியில் குடம் நிரப்பி, கேஸ் சிலிண்டர் மாதிரி ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தட்டுத்தடுமாறிப் படி ஏறினாள். பாதிப் படியில் குடம் உருண்டது. நனைஞ்சபடி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

என்னால் தாங்க முடியலை. முந்தானையை இழுத்துச் செருகிக்கினு, உருண்ட குடத்தை எடுத்து நிரப்பினேன்.

"புடிச்சிக்கோ. மூஞ்சி மட்டும் வாணாம்."

"மூஞ்சி யாருக்கு ஆயா வேணும்? இடுப்பெலும்பைக் காட்டு!"

தெருவே கூடிடுச்சு. அவள் எனக்கு முன்னால் பின்பக்கமா நடந்துக்கினே கத்துகிறாள்: "குடம் கீற பக்கம் இடுப்பு ஏறுது! எதிர்த் தோள் எறங்குது! அந்தக் கை தானா வெளியே போவுது, பாரு!" அத்தனை வருசம் தண்ணி தூக்கின எனக்கே அதெல்லாம் தெரியாது. படியில் ஏறும்போது நான் ஒரு நொடி நின்னு, வலது தொடையில் கை ஊனினேன். எனக்கு முட்டிவலி. அவள் சட்டுனு குனிஞ்சு, போனை அந்தக் கைகிட்ட கொண்டுவந்தாள்.

"ஏம்மா, கரடிக்குப் போய் என் நடையா?" என்றேன்.

"ஆடு மாதிரி இல்ல ஆயா, கரடி நம்மள மாதிரியே முழுப் பாதம் ஊனி நடக்கும். உள்ள எலும்பு சரியா நின்னுச்சின்னா, மேல எந்தத் தோலைப் போத்தினாலும் கண்ணு நம்பிடும்."

ஆபீஸ் பெரியவர் நம்பிட்டார். வேலை தப்பிச்சுது. அப்புறம் அவள் பெரிய வேலை கிடைச்சு மெட்ராஸுக்குப் போய்ட்டாள். பாய் கடையில் இன்னும், "முட்டியா, குதிங்காலா?" என்று கேட்டுத்தான் வெட்டுகிறார்.

பக்கத்து வூட்டு டிவியில் அந்தக் கரடி அடிக்கடி வரும். படிகிட்டே வந்து நிக்கும், வலது தொடையில் கை ஊனி ஏறும். பிள்ளைங்க கரடியைப் பார்க்கும். நான் என் முந்தானையைச் சரிபண்ணிக்குவேன்.

எலும்பு சமாச்சாரம் நான் எழுதினது சரியான்னு தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துத் திருத்திடுங்க. கரடி நடக்கிற இடத்தை மட்டும் தொடாதீங்க. அதை அவள் சரியாத்தான் பாத்துவெச்சிருக்கிறாள்.