தளி வரைக்கும் என்று சொன்ன கார்

சாமி காரியத்தில் எனக்குக் கை தாராளம். அதுதான் என்னைக் கெடுத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், டார்ச் லைட் எதுவும் என் பொட்டுக்குத் தப்பாது. (போன வருஷம் கொசு பேட்டுக்கும் வைத்தேன்.)

ஓசூரில் ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். வீட்டு வண்டியை ஓட்டுவேன். அவருடைய மற்ற இரண்டு கார்களையும் துடைக்க மட்டும்தான் அனுமதி. ஒன்று புதுசு. பட்டனை அமுக்கினால் உறுமும், மூச்சு விடுவதற்குள் நூறைத் தொடும், எதிரில் ஏதாவது இருந்தால் தானே பிரேக் போடும். இன்னொன்று அவர் அப்பா வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஏசி கிடையாது, பெட்ரோல் வாசனை உண்டு. பிரேக் பிடிக்க முட்டியில் பலம் வேண்டும். ஆனால் அது கிளம்பும் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சுக்குள் உடுக்கை அடிக்கும். ஒன்பது வருஷம் துடைத்தேன். ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்காத நாள் இல்லை.

அந்த ஆயுத பூஜையன்று முதலாளியே சொன்னார்.

"முருகேசா, ரெண்டையும் கோயிலுக்குக் கொண்டு போலாம். பழசை நீ எடுத்துக்க. பூஜை முடிஞ்சதும் அப்படியே ஊரைத் தாண்டி தளி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வா."

"நெசமாத்தானுங்களா சார்?"

"சாமி நாள்ல பொய் சொல்வனா? ரெண்டுக்கும் பொட்டு நல்லா வச்சிரு."

பழைய காருக்கு மூன்று பொட்டு போதுமாக இருந்தது. புதுக் காரின் முகத்திலோ குட்டிக் குட்டி வட்டங்கள். பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். ஒன்று விடாமல் கெட்டிச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

கோயில் இரண்டு தெரு தள்ளி. முதலாளி முன்னால் புதுக் காரில், நான் பின்னால். ஸ்டியரிங் கையில் துடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயில் வாசலில் புதுக் கார் கீச்கீச்சென்று கத்தி, ஒன்றுமே இல்லாத இடத்தில் நச்சென்று நின்றது. என் சந்தனத்தைச் சுவர் என்று நம்பிவிட்டது. நான் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தேன். பழசு நிற்க ஒப்பவில்லை. டமார்!

புதுசின் பின் பம்பர் அப்பளமாக நொறுங்கி விழுந்தது. பழசின் இரும்பு பம்பரில் குங்குமம்கூடக் கலையவில்லை.

"ஏனுங்கண்ணா," என்றாள் வாசலில் இருந்த பூக்காரம்மா, "எலுமிச்சம்பழத்தைத்தான நசுக்குவாங்க?"

முதலாளி இறங்கிவந்து சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். "டேய், இது காரோட கண்ணுடா!"

"பொட்டு வைக்கிற எடம்னு நெனச்சேனுங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்துவிட்டு, சாவிக்குக் கை நீட்டினார். "குடு. புதுசு ரெடியாகிற வரைக்கும் நான் இதுலதான் போகணும்."

பம்பர் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று மாதம் ஆனது. அதற்குள் பழசின் மேல் அவருக்கே ஆசை பிடித்துவிட்டது. சாவி என் கைக்குத் திரும்பவே இல்லை.

இன்றும் என் மனைவி, "ரேஷன் கடை புது எடம் எவ்ளோ தூரம்டி?" என்று கேட்டால், "அப்பா கார் ஓட்டின தூரம்தாம்மா" என்பாள் பெரிய மகள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சின்னவளைத் தளியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளைப் பார்க்க டவுன் பஸ்ஸில் போகும்போது, ஒவ்வொரு வளைவிலும் என் இடது கால் தானாகக் கிளட்சை மிதிக்கிறது.