வென்னி சார் போன வீடுகள்

தாமிரபரணிக் கரையில் அடுத்தவர் வீட்டு அடுப்பை வென்னி சார் அளவுக்கு எரிய வைத்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சேரன்மகாதேவிப் பக்கம் நான் தமிழ் டீச்சராக இருந்த பள்ளியில் அவர் அறிவியல் வாத்தியார். எந்தப் பிள்ளை சண்டை போட்டாலும், கண்ணாடியை உடைத்தாலும், சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் அவர் சைக்கிள் நிற்கும். உள்ளே போனதும், "எம்மா, கொஞ்சம் வென்னி கிடைக்குமா?" என்பார். சித்திரை வெயிலிலும் வெந்நீர்தான்.

"ஏன் சார், மோர் கேக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மோருன்னா உடனே குடுத்து அனுப்பிருவாங்க டீச்சர். வென்னி கொதிக்கப் பத்து நிமிசம் ஆகும். அதுவரைக்கும் என்னைய வெரட்ட முடியாதுல்லா?"

அந்தப் பத்து நிமிடத்தில் புகாரே சொல்ல மாட்டார். பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை தேடிப் பிடித்துச் சொல்வார். கல்லெறிந்து தெருவிளக்கை உடைத்தவன் வீட்டில், "இருவதடி உசரம். ஒரே கல்லு. என்னா குறி!" என்று அவர் வியக்க, அழுவதா சிரிப்பதா என்று பையனின் அம்மாவுக்குத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பு இசக்கிமுத்து ஒருநாள் தலைமையாசிரியரின் மேசை டிராயரில் தண்ணிப்பாம்பை விட்டான். அவர் நாற்காலி மேல் ஏறி நின்றபடியே டிசி எழுதச் சொன்னார். தாய் இல்லாத பிள்ளை. அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. புகார் என்று காதில் விழுந்தால் பெல்ட்டைக் கழற்றுகிறவர். வென்னி சார் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்.

"குத்தம் சொல்லத்தான வந்திருக்கீய?" என்றார் அப்பா.

"இல்ல அண்ணாச்சி. பாம்பு உடம்புல ஒரு கீறல் கிடையாது. அவ்வளவு பைய பிடிச்சிருக்கான். என் கிளாஸ்ல ஒரு உசுர இம்புட்டுப் பதனமா தொட்டவன் எவனும் இல்ல. கொஞ்சம் வென்னி..."

அப்பா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். மறுவாரம் பள்ளிக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். டிசி நின்றது. இசக்கிமுத்து அறிவியல் கூடத்து மீன்தொட்டிக்குப் பொறுப்பாளன் ஆனான்.

அதைக் கெடுத்தவள் நான்தான். அவன் பத்தாம் வகுப்பு வந்த பிறகு, ஒருநாள் என்னை எதிர்த்துப் பேசிவிட்டான் என்ற ஆத்திரத்தில் அவன் அப்பாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. முதுகெல்லாம் தடிப்பு என்று பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது என்று மட்டும் சொல்லி அப்பா அடித்திருந்தார்; போட்டுக் கொடுத்தது வென்னி சார்தான் என்று அவன் நம்பினான். வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த வாத்தியார் அவர் ஒருவர்தானே.

"நான்தான்னு போய்ச் சொல்லிருதேன் சார்" என்று அழுதேன்.

"வேண்டாம் டீச்சர். இப்ப ஒரு வாத்தியாரத்தான் வெறுக்கான். அத ரெண்டாக்க வேண்டாம்."

சனிக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போனார். இசக்கிமுத்து உள்ளே தாழ் போட்டுக்கொள்வான். இவர் வாசலில் நின்று கதவிடம் பேசிவிட்டு வருவார்: "ஏலே, கறுப்பு மீனு குட்டி போட்டிருக்குலே!" தெருவே சிரித்தது. கதவு திறக்கவில்லை. உடம்பு முடியாமல் படுக்கும் வரைக்கும் போனார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் இறந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. கேவலமான தைரியம். இசக்கிமுத்து கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, வாசலில் காத்திருந்தேன். மீசை முளைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்று நின்றேன். அவன் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"நாப்பத்தேழு தடவ வந்தாரு டீச்சர்" என்றான். "கதவுக்கு உள்பக்கம் உக்காந்து எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."